பெட்டிக்குள் உறங்கிய கம்பளி

“பிறகு உதவும்.” இந்த இரண்டு சொற்களைச் சொல்லாத இல்லத்தரசி எவரும் நம் மத்தியில் இருக்கமாட்டார். வெறுமையான பிஸ்கட் தகரம், பொதி கட்டி வந்த கயிறு, பழைய சட்டையிலிருந்து கழற்றிய பொத்தான், தைத்து மிஞ்சிய சீத்தைத் துண்டு ஆகிய எல்லாம் பிறகு உதவும் என்றே அலுமாரிக்குள் போகின்றன. சிக்கனம் நல்ல குணந்தான்; அதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் அந்தப் “பிறகு” எப்பொழுது வரும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. வருடங்கள் ஓடுகின்றன, பொருள் பெருகுகிறது, அதைப் பயன்படுத்த வேண்டிய கை தளர்ந்து போகிறது.

எமது வீட்டில் அவ்வாறு சேர்ந்தது கம்பளி நூல். அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, தரம் பிரித்து, பின்னி முடித்த கதையை இந்த வாரம் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எப்படிச் சேர்ந்தது?

பனையும் வெயிலும் நிறைந்த யாழ்ப்பாணத்தில் கம்பளிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கக்கூடும். எமது தந்தையார் புகையிரத நிலைய அதிபராகக் கடமையாற்றியவர். 1960களில் அவருக்கு நானுஓயாவுக்கு மாற்றம் கிடைத்தது. ஆறாயிரம் அடிக்கு மேல் உயரமான நுவரெலியா நகருக்கு அடுத்த புகையிரத நிலையம் அது. தை, மாசி மாதங்களில் அந்தப் பக்கத்துப் புல்வெளிகளில் விடியற்காலை உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். வலிகாமத்தில் பிறந்து வளர்ந்த எமது அன்னை முதல் வாரத்திலேயே பிள்ளைகளின் உதடுகள் வெடித்திருப்பதைக் கண்டு கலங்கிப்போனார். பக்கத்துக் குவாட்டர்ஸில் வசித்த பறங்கி மாது ஒருவர் அவரைக் கூப்பிட்டு இருத்தி, கையில் இரண்டு ஊசிகளைக் கொடுத்து, பின்னக் கற்பித்தார். அன்று தொடங்கிய பழக்கம் எமது வீட்டில் ஆறு பேருக்கும் சுவெற்றராகவும் தொப்பியாகவும் காலுறையாகவும் மாறியது.

கொழும்புக்குப் போகும் போதெல்லாம் அன்னையார் புறக்கோட்டையில் கம்பளி வாங்கி வருவார். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிகக் கடுமையாக இருந்தன. கப்பலில் வரவேண்டிய சரக்கான கம்பளி கடைகளிலிருந்து மறைந்தது. அப்போது எமக்குச் சிறுத்துப்போன சுவெற்றர்களை அவர் அவிழ்த்து, நூலைச் சுற்றி, மறுபடி பின்னினார். ஓர் அங்குல நூலும் வெளியே போகாது. அந்தக் காலத்து அச்சம் அவரை விட்டு என்றும் அகலவில்லை. 1977க்குப் பின்னர் கடைகளில் பொருள்கள் வந்து குவிந்தபோதும், கம்பளியைக் கண்டால் நாலு உருண்டை வாங்காமல் அவர் திரும்புவதில்லை.

1976இல் தந்தையார் இளைப்பாறினார். கம்பளி நிரம்பிய றங்குப்பெட்டி நானுஓயாவில் வண்டியேறி, பொல்காவலையில் வண்டி மாறி, எம்முடன் யாழ்ப்பாணம் வந்தது. வெயிலூரில் அதற்கு வேலையில்லை. ஆயினும் ஆண்டுதோறும் சித்திரை வெயிலில் நூலைக் காயவிட்டு, புது வேப்பிலை வைத்துப் பூட்டுவதை அன்னையார் ஒரு நோன்பு போலச் செய்துவந்தார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் எல்லாரும் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்குப் பெயர்ந்த இரவில், அந்தப் பெட்டியைத் தூக்க எமக்கு நாதியில்லை. மறு வருடம் திரும்பி வந்து பார்த்தபோது தையல் இயந்திரம் இல்லை. பித்தளைப் பாத்திரங்கள் இல்லை. யன்னற் கதவுகளும் இல்லை. கம்பளி மட்டும் அறையெங்கும் சிதறிக் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் கம்பளியை எவர் எடுப்பார்? அன்னையார் நிலத்தில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தூசு தட்டி மீண்டும் பெட்டிக்குள் வைத்தார். அதன் பின்னர் அதை எவரும் திறந்து பின்னவில்லை.

சென்ற வருடம் கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், எண்பத்தெட்டு வயதான அன்னையார் எம்மையும் எமது தங்கையையும் அழைத்தார். “இனி என்ரை கண்ணாலை கண்ணி எண்ணேலாது, பிள்ளையள். நான் இருக்கேக்கையே அந்தப் பெட்டியை ஒரு வழி பண்ணுங்கோ. அந்துக்குக் குடுக்கவோ நான் இவ்வளவு காலம் காத்தனான்?” என்றார். மறுநாளே பெட்டி விறாந்தைக்கு வந்தது.

முதலில் கணக்கு

நெடுநாட் சேர்ந்த நூலைக் கண்டதும் கைக்கு வந்ததை எடுத்துப் பின்னத் தொடங்குவது பெரும் பிழை. பாதி வழியில் நூல் போதாமற் போகும். அதற்குப் பொருந்தும் நூலைத் தேடிப் புதிதாக வாங்க நேரும். கடைசியில் பெட்டி முன்னையிலும் நிறைந்துவிடும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியின் மேல் பரப்பினோம். தங்கையின் பேர்த்தி, தரம் ஒன்பதில் படிப்பவள், கொப்பியும் பென்சிலுமாகக் கணக்கெழுத வந்தமர்ந்தாள். சமையலறைத் தராசில் நிறுத்தபோது மொத்தம் 4 கிலோ 200 கிராம் இருந்தது. பழைய உருண்டைகளின் காகிதச் சுற்றில் அவுன்ஸ் என்றும், பிற்காலத்தவற்றில் கிராம் என்றும் அச்சாகியிருந்தது. ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம் என்பதை நினைவில் வைத்தால் கணக்கு எளிது.

அடுத்தது, எது உண்மையான கம்பளி, எது செயற்கை நூல் என்று அறிவது. காகிதச் சுற்று தொலைந்துபோன உருண்டைகளுக்கு நெருப்புச் சோதனையே வழி. இரண்டங்குல நூலைச் சாமணத்தாற் பிடித்து, ஒரு பீங்கானுக்கு மேலாக, நெருப்புக்குச்சியின் சுவாலைக்கு அருகே காட்ட வேண்டும். ஆட்டின் உரோமமான கம்பளி தயங்கித் தயங்கி எரியும். சுவாலையை அகற்றினால் தானே அணையும். மயிர் கருகிய மணம் வரும். சாம்பல் விரலால் நசுக்கத் தூளாகும். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலைத் தரும். அக்ரிலிக் என்னும் செயற்கை நூல் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுத்த மணி போல இறுகிவிடும். பிள்ளைகள் இந்தச் சோதனையைத் தனியே செய்தலாகாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நீர் வாளியுடன் இருத்தல் அவசியம்.

மூன்றாவது, நூலின் பலம். ஒரு முழம் நூலை எடுத்து இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதில் அறுந்தால் அதைப் பின்னுவது வீண் வேலை. இவ்வாறு பிரித்தபோது அந்து அரித்ததும் உக்கியதுமாக 600 கிராம் கழிந்தது. அதையும் வீசவில்லை, கழுவிக் காயவைத்துத் தலையணை ஒன்றுக்குள் அடைத்தோம். மிகுந்ததில் 900 கிராம் அக்ரிலிக், 2 கிலோ 700 கிராம் கம்பளி.

அந்தும் அழுக்கும்

அந்துப்பூச்சியைப் பற்றிப் பலரிடம் ஒரு தப்பெண்ணம் உண்டு. பறந்து திரியும் பூச்சி நூலை உண்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுவே உரோமத்தை அரிக்கிறது. அதிலும் வியர்வையும் எண்ணெயும் பட்ட அழுக்குக் கம்பளியே அதற்கு மிகப் பிரியம். ஆதலால் கழுவாத கம்பளியைப் பூட்டி வைப்பது புழுவுக்கு விருந்து வைப்பதாகும். வேப்பிலையை மாத்திரம் நம்பியிருத்தலும் போதாது. இப்பொழுது பல வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. நூலைக் காற்றுப் புகாத பையிலிட்டு, பனிக்கட்டி உறையும் பகுதியில், சைபருக்குக் கீழே 18 பாகைக் குளிரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் மடியும். எமது கம்பளியைப் பகுதி பகுதியாக அவ்விதமே வைத்தெடுத்தோம். ஐஸ்கிறீம் வைக்க இடமில்லை என்று பேர்த்தி முறையிட்டது வேறு கதை.

கழுவும்போது கம்பளிக்குக் கொதிநீர் ஆகாது, தேய்ப்பும் ஆகாது. உரோமத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. சூட்டிலும் தேய்ப்பிலும் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, நூல் தடித்துச் சுருங்கிப்போகும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் சிறிது மென்மையான சவர்க்காரத்தைக் கரைத்து, நூலை அமிழ்த்தி வைத்தெடுத்து, முறுக்காமல் துவாயில் ஒற்றி, நிழலிற் காயவிட வேண்டும். உருண்டையாகவே கழுவினால் உள்ளே ஈரம் தங்கும். ஆகவே முதலில் கதிரையின் முதுகில் நூலைக் கழியாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டிய பின்னரே நீரில் இட வேண்டும்.

சிறு உருண்டைக்குச் சிறு வேலை

எமது பெட்டியிற் பாதிக்கு மேல் கைப்பிடிக்குள் அடங்கும் சிறு உருண்டைகள். ஒரு சட்டைக்குப் போதாத இவ்வகை நூலே எல்லா வீடுகளிலும் தேங்குகிறது. இதற்கு எளிய பரிகாரம் மூலைச் சதுரம். இரண்டு கண்ணிகளோடு தொடங்கி, ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு கண்ணி கூட்டி, எல்லா வரிசைகளையும் நேர்ப் பின்னலாகவே பின்னிச் செல்ல வேண்டும். முக்கோணம் ஒன்று விரிந்துகொண்டே வரும். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி குறைத்துக்கொண்டே வந்தால் முக்கோணம் மூடிச் சதுரமாகிவிடும்.

எவ்வளவு தூரம் கூட்டுவது, எப்பொழுது குறைக்கத் தொடங்குவது? இதற்கு விடை கண்டவள் பேர்த்தி. மூலைவிட்டம் சதுரத்தை இரண்டு சமமான முக்கோணங்களாகப் பிரிக்கிறது என்று பாடசாலையிற் படித்ததை அவள் நினைவூட்டினாள். அப்படியானால் இரண்டு பாதிக்கும் ஒரே அளவு நூலே செல்லும். ஆகவே உருண்டையைத் தொடங்குமுன் நிறுத்துக் குறித்துக்கொண்டு, அதன் நிறை பாதியாகக் குறைவதற்குச் சற்று முன்னரே குறைக்கத் தொடங்கினால், நூல் முடியும் இடத்திற் சதுரமும் முடியும். சற்று முன்னர் என்பதை அழுத்திச் சொல்கிறோம். முதற் சதுரத்தில் சரிபாதி வரை காத்திருந்து, கடைசி மூன்று வரிசைகளுக்கு நூலில்லாமல் முழித்தவர்கள் நாம்.

பெரிய போர்வைக்கு ஒரே அளவான சதுரங்கள் வேண்டும். நடுத்தரத் தடிப்புள்ள நூலில் ஆறங்குலச் சதுரம் ஒன்றுக்குப் பதினொரு கிராம் வரை செல்கிறது. மூன்றடி அகலமும் நாலடி நீளமும் கொண்ட சிறு போர்வைக்கு 48 சதுரங்கள். இணைக்கும் நூலையும் சேர்த்து ஏறத்தாழ 550 கிராம். மெல்லிய நூல்களை இரட்டையாகப் பிடித்துப் பின்னினால் தடித்த நூலோடு சேரும். ஆனால் முன்னதாக ஒரு சிறு துண்டு பின்னி அளந்து பார்த்தல் நலம். நிறங்கள் ஒவ்வா என்று அஞ்சுவோருக்கு ஒரு வழி உண்டு. எல்லாச் சதுரங்களையும் ஒரே நிற நூலால், சாம்பலோ கருநீலமோ ஆகிய ஒன்றால், ஓரங்கட்டி இணைத்துவிட்டால், சண்டையிடும் நிறங்களும் ஒரு குடும்பமாகி அமைதியடைந்துவிடும்.

தூய கம்பளியானால் நூலை முடிச்சிட்டு இணைக்க வேண்டியதில்லை. இரு நுனிகளையும் இழை பிரித்து, ஒன்றன்மேலொன்று வைத்து நனைத்து, உள்ளங்கைகளுக்கிடையே சூடேறத் தேய்த்தால் அவை ஒட்டி ஒரே நூலாகிவிடும். நாம் மேலே சொன்ன செதில்களின் வேலையே இது. செயற்கை நூல் இவ்வாறு ஒட்டாது.

முன்னோர் கண்ட வழி

இந்தச் சிக்கனத்தை நாம் மட்டுமே கண்டுபிடித்தோம் என்று எண்ண வேண்டாம். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, 1941ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி, பிரித்தானியாவில் உடைகளுக்குப் பங்கீடு வந்தது. முதல் வருடத்தில் ஆளுக்கு 66 கூப்பன்கள். இரண்டு அவுன்ஸ் பின்னல் நூல் வாங்க ஒரு கூப்பன் கொடுக்க வேண்டும். பணம் இருந்தாலும் கூப்பன் இல்லாவிட்டால் நூல் இல்லை. ஆகவே அந்நாட்டுப் பெண்கள் பழைய சட்டைகளை அவிழ்த்துப் புதிய சட்டைகள் பின்னினர். இருப்பதைச் செப்பனிட்டு உடுத்தும் முறைகளை விளக்கி 1943இல் அரசாங்கமே ஒரு கைந்நூல் வெளியிட்டது. உடைப் பங்கீடு 1949 வரை நீடித்தது. நானுஓயாவில் எமது அன்னை செய்ததும் இதுவேயன்றோ?

ஸ்கொத்லாந்துக்கு வடக்கே, ஓர்க்னிக்கும் ஷெற்லாந்துக்கும் நடுவே, ஃபெயார் ஐல் என்னும் சின்னஞ்சிறு தீவு உண்டு. அத்தீவின் பெயரால் வழங்கும் பின்னற்கலையில் பல நிறங்கள் மின்னும். ஆனால் எந்த வரிசையிலும் இரண்டு நிறங்களுக்கு மேல் வருவதில்லை. ஒரு நிறம் முன்னே பின்னப்படும்போது மற்றது பின்புறமாக ஓடுகிறது. இதனாற் துணி இரட்டைத் தடிப்பாகிக் குளிரை நன்கு தடுக்கும். சில வரிசைகளுக்கு ஒரு முறை நிறத்தை மாற்றிக்கொள்ளலாமாதலால் சிறு உருண்டைகளைச் செலவிட இதனினும் சிறந்த வழி அரிது. இந்த இரண்டு நிற விதி பின்னர் எமக்குப் பெரிதும் கைகொடுத்தது.

எவருக்காகப் பின்னுவது?

இனி முக்கியமான கேள்வி. நூலைத் தீர்ப்பதற்காகப் பின்னி, பின்னியதை மறுபடி அலுமாரிக்குள் வைத்தால், பூட்டு மாறியதேயன்றி வேறென்ன? எமக்கு மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருக்கும் உறவினர் ஒருவர் உண்டு. பிள்ளைகளுக்கு முழுக்கைச் சுவெற்றர்கள் பின்னி அனுப்புவோம் என்று அவருக்குப் பெருமையோடு அறிவித்தோம். அவர் நயமாக மறுத்தார். சுவெற்றர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வோர் அளவு. ஒன்றைக் கொடுத்துப் பக்கத்துப் பிள்ளைக்கு இல்லையென்று சொல்ல முடியாது. தொப்பி இழுபடும், பலருக்குப் பொருந்தும். வெள்ளை வேண்டாம், செம்மண் ஒரே நாளில் நிறம் மாற்றிவிடும். சிறு பிள்ளைகளின் தொப்பியில் நீண்ட நாடா வேண்டாம், கழுத்திற் சுற்றினால் ஆபத்து. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் உறங்கும் குழந்தைகளுக்குச் சிறு போர்வைகள் கிடைத்தால் பேருதவி.

கொடுக்கும் மனம் மட்டும் போதாது, கேட்டுக் கொடுக்கும் மனமும் வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம். கம்பளியிற் சில கழுத்தில் உறுத்துமாதலால், ஒவ்வொன்றையும் எமது கழுத்தோரத்திற் சிறிது நேரம் வைத்துப் பார்த்து, மென்மையானவற்றையே போர்வைக்குத் தெரிந்தெடுத்தோம். அக்ரிலிக் நூல் நெருப்புப் பட்டால் உருகி ஒட்டக்கூடியது. ஆதலால் போர்வைகளுக்கு அதைச் சேர்க்கவில்லை. அடிக்கடி கழுவ வேண்டிய பாடசாலைத் தொப்பிகளுக்கு அது ஏற்றது. 900 கிராமும் இருபது தொப்பிகளாயின. மூன்று போர்வைகளுக்கு 1,650 கிராம் கம்பளியும், மேல்வகுப்புப் பிள்ளைகளின் ஆறு கழுத்துச் சால்வைகளுக்கு 480 கிராமும் சென்றன. மாசி முடிவதற்குள் பொதி மலையேறியது.

நீல நூல்

பெட்டியின் அடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதனுள் கருநீலக் கம்பளி. அதனோடு ஊசியில் ஏறியபடியே நின்றுபோன ஒரு முதுகுத் துண்டு. அதை வெளியே எடுத்ததும் நாமும் தங்கையும் பேசாதிருந்தோம். எமது இளைய சகோதரனுக்கு 1982இல் நுவரெலியாவில் உத்தியோகம் கிடைத்தபோது, 50 கிராம் உருண்டைகள் எட்டு வாங்கி அன்னையார் தொடங்கிய சுவெற்றர் அது. முதுகு பாதி முடிவதற்குள் 1983 ஜூலை வந்தது. அவன் உடுத்த உடையோடு வீடு வந்து சேர்ந்தான். அடுத்த வருடம் கனடாவுக்குப் போனவன், தந்தையாரின் இறுதிக் கிரியைக்கும் வர இயலாதவனாயினான். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்த ஊசி அந்தக் கண்ணிகளுக்குள்ளேயே துருப்பிடித்து நின்றது.

அதை அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பது தங்கையின் அபிப்பிராயம். அவிழ்த்தால் அன்னையாரின் கைவேலை அழிந்துவிடுமே என்று அவள் கண் கலங்கினாள். எமக்கும் மனம் துணியவில்லை. இருவரும் தர்க்கித்துக்கொண்டிருக்கையில், சாய்மனைக் கதிரையில் இருந்த அன்னையார் கையை நீட்டித் துண்டை வாங்கித் தடவிப் பார்த்தார். “இது அவனுக்கெண்டு வாங்கின நூல். ஞாபகத்துக்கெண்டு வாங்கேல்லை,” என்றார். பிறகு தம் கையாலேயே ஊசியை உருவினார். துருப்பட்ட வரிசையைக் கத்தரித்தபின், நூலின் நுனியை எம்மிடம் தந்து, “இழு பிள்ளை,” என்றார்.

நெடுங்காலம் ஒரே நிலையில் இருந்த நூல் சுருள் சுருளாக வந்தது. கழியாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அடியில் சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டோம். காய்ந்ததும் நேராகிவிட்டது. அந்து தின்றதும் துருப்பட்டதும் போக 360 கிராம் எஞ்சியது.

அன்றிரவு கனடாவுக்குத் தொலைபேசியில் அழைத்து மார்பளவு கேட்டோம். “அம்மா, நான் இப்ப பேரப்பிள்ளை கண்ட ஆள். நாற்பத்து நாலு அங்குலம்!” என்று அவன் சிரித்தான். முப்பத்தாறு அங்குல இளைஞனுக்கென வாங்கிய நூல் கையில்லாத மேற்சட்டைக்குக்கூட இனிப் போதாது. அப்பொழுதுதான் பெட்டியில் இருந்த சாம்பல் நிறக் கழி நினைவுக்கு வந்தது. நானுஓயாவில் இரவு வண்டிக்குக் கைவிளக்குக் காட்டப் போகையில் தந்தையார் அணிந்த சுவெற்றரின் நூல் அது. கட்டுப்பாட்டுக் காலத்தில் அவிழ்த்துச் சுற்றியது. நிறுத்தால் 120 கிராம். நீலமும் சாம்பலுமாக 480 கிராம்.

பின்னிப் பார்த்த துண்டில் நாலங்குலத்துக்கு 22 கண்ணிகள் வந்தன. அதாவது அங்குலத்துக்கு ஐந்தரை. தளர்வுக்கு இரண்டங்குலம் கூட்டி 46 அங்குலச் சுற்றளவு என்றால், முன்னும் பின்னும் தனித்தனியே 23 அங்குலம், 126 கண்ணிகள். மார்பின் குறுக்கே ஃபெயார் ஐல் முறையில் இரண்டு நிறப் பட்டைகள் வைத்தோம். நீலம் குறைந்த இடத்தைச் சாம்பல் நிரப்பியது. தொடக்கக் கண்ணிகளை ஏற்ற அன்னையாரிடமே கொடுத்தோம். கண்ணாற் பார்க்காமல், விரல் நினைவாலேயே இருபது கண்ணிகள் ஏற்றினார். அதற்குமேல் விரல் மடங்கவில்லை. மீதியை நாம் முடித்தோம்.

சட்டை பங்குனியிற் தபாலில் போய்ச் சேர்ந்தது. அதை அணிந்துகொண்டு தொலைபேசித் திரையில் தோன்றிய சகோதரன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அப்பாவின்ரை நிறமெல்லோ இது?” என்று மட்டும் கேட்டான். அன்னையார் அவனைத் திரும்பி நிற்கச் சொன்னார். முதுகு சரியாக இருக்கிறதா என்று திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. கழுத்து மட்டும் கொஞ்சம் அகலம்,” என்றார்.

நேயர்களுக்கு ஒரு சொல்

றங்குப்பெட்டியில் இப்பொழுது 90 கிராம் நூலே இருக்கிறது. போர்வைகளும் சால்வைகளும் கிழிந்தால் தைப்பதற்கென ஒவ்வொரு நிறத்திலும் சிறிது வைத்திருக்கிறோம். சேமிப்பென்றால் அவ்வளவு போதும் என்று தோன்றுகிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது கம்பளியாக இராமற் போகலாம். தைக்காத சேலைத் துண்டாகவோ, எவருக்கும் எடுத்து வைக்காத பீங்கான் கோப்பைகளாகவோ இருக்கலாம். அடுத்த விடுமுறை நாளில் அதைத் திறந்து, வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி, நிறுத்து, பிரித்து, கணக்கெழுதுங்கள். ஒவ்வொன்றும் எவருக்கென்று முதலில் வைக்கப்பட்டது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அதைச் சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.